ஆம்ப் முதலில், டிஸ்டார்ஷன் கடைசியில்

இசைக்கருவிக் கடைக்குப் போய், "ராக் வாசிக்கணும், என்ன வாங்கலாம்?" என்று கேட்டால் அநேகமாக ஒரே பதில்தான் வரும்: வால்வு ஆம்ப் ஒன்று, ஓவர்டிரைவ் பெடல் ஒன்று, கையில் காசு மிஞ்சினால் மற்றவை. போஸ்ட்-பங்க் வாசிக்க நினைப்பவர் இந்த வரிசையைத் தலைகீழாகப் பிடிக்க வேண்டும். இங்கே முதல் செலவு, அடித்து வாசித்தாலும் உடையாத சுத்தமான ஒலி தரும் ஆம்ப். அடுத்தது ஃப்ளாஞ்சர் அல்லது கோரஸ். பிறகு டிலே. டிஸ்டார்ஷனுக்குக் கடைசி இடம். பலருக்கு அது தேவையே படாது.

காரணம் அந்த இசை பிறந்த விதத்தில் இருக்கிறது. 1970-களின் கடைசியில் இங்கிலாந்தில் கிட்டார் எடுத்த ஒரு தலைமுறைக்கு ராக் கிட்டாரின் வழக்கங்கள் சலித்துப்போயிருந்தன: ப்ளூஸிலிருந்து வந்த கம்பி வளைப்பு, முடிவே இல்லாத சோலோ, மார்ஷல் ஆம்ப்பை முழுச் சத்தத்தில் வைத்தால் வரும் தடித்த உறுமல். பங்க் முதல் இரண்டையும் வெட்டியது, உறுமலை வைத்துக்கொண்டது. பங்குக்கு அடுத்து வந்தவர்கள் அதையும் கைவிட்டார்கள். லீட்ஸ் நகரில் உருவான கேங் ஆஃப் ஃபோர் குழுவின் ஆண்டி கில், வால்வு ஆம்ப்பின் கதகதப்பே வேண்டாம் என்று டிரான்சிஸ்டர் ஆம்ப்பைத் தேடிப் போனவர். 1979-இல் வந்த 'என்டர்டெயின்மென்ட்!' தொகுப்பைக் கேளுங்கள். கிட்டாரில் எதிரொலி கிடையாது, மெருகு கிடையாது. ஒவ்வொரு வெட்டும் தகரத்தில் விழுந்த மாதிரி உலர்ந்து விழுகிறது. அவருக்கு முன்னோடி, டாக்டர் ஃபீல்குட் குழுவின் வில்கோ ஜான்சன். அவரும் டெலிகாஸ்டரை எச்.எச். என்ற டிரான்சிஸ்டர் ஆம்ப்பில்தான் மாட்டினார். முகப்புப் பலகை பச்சையாக ஒளிரும் அந்த ஆம்ப் இன்றைக்கு ரசனையாளர்கள் தேடும் பொருளாகிவிட்டது. அன்றைக்கு அதை யாரும் கொண்டாடவில்லை.

பேஸ் எங்கே இருக்கிறது என்று பாருங்கள்

பெடல் பட்டியல் போடும் முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. உங்கள் குழுவின் பேஸ் கிட்டார் எந்த உயரத்தில் வாசிக்கப்படுகிறது என்று கவனியுங்கள். இந்த இசையில் மெட்டைப் பல நேரம் பேஸ்தான் தூக்கிச் செல்கிறது. கிட்டார் அதைச் சுற்றிக் கிடைக்கும் இடத்தில் நிற்கிறது.

ஜாய் டிவிஷனின் பீட்டர் ஹுக், பேஸின் உயர்ந்த ஸ்வரங்களில் வாசித்ததற்குப் பின்னால் கலைத் திட்டம் எதுவும் இருக்கவில்லை. குழுவின் கிட்டார் கலைஞர் பெர்னார்ட் சம்னரின் ஆம்ப் சத்தம் அதிகம். ஹுக்கிடம் இருந்த ஸ்பீக்கரோ மட்டமானது. தாழ்ந்த ஸ்வரங்கள் அவர் காதுக்கே எட்டவில்லை. மேலே போனார், கேட்டது. பாடகர் இயன் கர்ட்டிஸுக்கு அது பிடித்துப்போகவே அதுவே குழுவின் அடையாளமாகிவிட்டது. இப்படிப்பட்ட பேஸோடு கிட்டாரும் அதே நடு உயரத்தில் தடித்து நின்றால் இரண்டும் முட்டிக்கொள்ளும். கிட்டார் மெலிய வேண்டும், அல்லது நிறைய நேரம் சும்மா இருக்க வேண்டும்.

பப்ளிக் இமேஜ் லிமிடெட்டில் நிலைமை நேர் எதிர். ஜா வாபிள் ரெகேயும் டப்பும் கேட்டு வளர்ந்தவர். தரை அதிரும் தாழ்வில் வாசித்தார். அதனால் மேலே இருந்த வெளி முழுவதும் கிட்டார் கலைஞர் கீத் லெவீனுக்குக் கிடைத்தது. உலோகக் கழுத்துள்ள டிராவிஸ் பீன் கிட்டாரையும், முழுக்க அலுமினியத்தாலான வெலீனோ கிட்டாரையும் கொண்டு அவர் அந்த வெளியைக் கீறிக் கிழித்தார். 1979-இல் உலோக டப்பாவுக்குள் மூன்று இசைத்தட்டுகளாக வந்த 'மெட்டல் பாக்ஸ்' இதற்குப் பாடநூல். உங்கள் பேஸ் கலைஞர் வாபிள் வழியா, ஹுக் வழியா? ஆம்ப்பின் டிரெபிள், மிடில் குமிழ்களை எங்கே வைப்பது, கோரஸ் வேண்டுமா வேண்டாமா என்ற கேள்விகளில் பாதி இதிலேயே தீர்ந்துவிடும்.

ஆம்ப்

இந்தப் பாணியைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாரும் ஏதோ ஒரு கட்டத்தில் ஒரே பெயருக்கு வந்து சேர்வார்கள்: ரோலண்ட் ஜாஸ் கோரஸ், ஜேசி-120. 1975-இல் ஜப்பானில் வந்தது. பெயரில் ஜாஸ் இருந்தாலும் இதைத் தலையில் வைத்துக் கொண்டாடியவர்கள் இருண்ட பாட்டுக்காரர்கள். உள்ளே 60 வாட் ஆம்ப் இரண்டு. ஒவ்வொன்றுக்கும் 12 அங்குல ஸ்பீக்கர் ஒன்று. வால்வு கிடையாது. வால்யூமைப் பாதிக்கு மேல் திருகினாலும் ஒலி கலங்காது, சத்தம் மட்டும் ஏறும். வால்வு ஆம்ப் விரும்பிகள் இதைக் குறையாகச் சொல்வார்கள். நமக்கு அதுதான் வேண்டும்: கையால் அடிக்கிற அழுத்தம் முழுவதும் அப்படியே வெளியே வர வேண்டும், ஆம்ப் அதை அமுக்கி மெத்தென்று ஆக்கக்கூடாது.

இதன் கோரஸ் வேலை செய்யும் முறையும் தனி. ஒரு ஸ்பீக்கரில் கிட்டாரின் நேரான ஒலி வருகிறது. மற்றதில் சுருதி மெல்ல ஏறி இறங்கும் நகல் வருகிறது. இரண்டும் மின்சுற்றுக்குள் கலப்பதில்லை; அறையின் காற்றில்தான் கலக்கின்றன. அதனால்தான் ஆம்ப்புக்கு எதிரே நடந்தால் ஒவ்வோர் அடிக்கும் ஒலி மாறுகிறது, ஒரே கிட்டார் அறை அகலத்துக்கு விரிகிறது. மேடையில் ஒற்றை மைக்கை ஒரு ஸ்பீக்கருக்கு முன் மட்டும் வைத்தால் இந்த வித்தை முழுவதும் போய்விடும். ஒலி அமைப்பாளரிடம் இரண்டு மைக் கேட்டு வாங்குங்கள், தயங்காதீர்கள்.

குறைகளையும் சொல்லிவிட வேண்டும். ஏறத்தாழ 28 கிலோ எடை. லிஃப்ட் இல்லாத மாடி வீட்டில் இருப்பவர் இருமுறை யோசிக்கவும். முகப்பில் உள்ள டிஸ்டார்ஷன் குமிழ் உலகப் புகழ்பெற்ற அபத்தம், அதை மறந்துவிடுங்கள். சத்தம் குறைத்து வைத்தால் ஒலி வறண்டுபோகும், எனவே இது படுக்கையறைக்கான ஆம்ப் அல்ல. வீட்டுக்கும் சிறு ஒத்திகைக்கும் அதே குடும்பத்தில் இரண்டு தம்பிகள் உண்டு. ஜேசி-40 என்பது 40 வாட், 10 அங்குல ஸ்பீக்கர் இரண்டு. ஜேசி-22 என்பது 30 வாட், ஆறரை அங்குல ஸ்பீக்கர் இரண்டு. என் தேர்வு ஜேசி-40. டிரம்ஸோடு சேர்ந்து வாசிக்க ஜேசி-22 திணறும். தனியாகப் பழகவும் பதிவு செய்யவும் அது போதும்.

இவ்வளவு செலவு முடியாதவர்கள் மனம் தளர வேண்டியதில்லை. ரோலண்டின் பழைய கியூப் வரிசை ஆம்ப்களில் ஜேசி ஒலியைப் போலவே ஒரு தேர்வு இருக்கிறது. செகண்ட் ஹேண்ட் சந்தையில் அவை அடிக்கடி கிடைக்கின்றன. பாஸ் நிறுவனத்தின் கடானா ஆம்ப்பில் சுத்தமான சேனலும், உள்ளேயே கோரஸ், ஃப்ளாஞ்சர், டிலேயும் இருக்கின்றன. முதல் ஆண்டில் கடானா ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு எந்த விளைவு உங்கள் கைக்கு ஒத்துவருகிறது என்று பார்த்துவிட்டு, பிறகு அந்த ஒரு பெடலை மட்டும் நல்லதாக வாங்குவது புத்திசாலித்தனம். பெரிய பெடல் பலகையைப் பார்த்து மயங்குகிறவர்களுக்கு இந்த யோசனை பிடிக்காது என்று தெரியும்.

வால்வு ஆம்ப் அடியோடு ஒதுக்கப்பட்டதா என்றால், இல்லை. யு2-வின் எட்ஜ் 1964-ஆம் ஆண்டு வாக்ஸ் ஏசி30 வைத்திருந்தார். கில்லிங் ஜோக்கின் ஜோர்டி வாக்கர், பர்மன் என்ற இங்கிலாந்து வால்வு ஆம்ப்பில் தன் பொன்னிற கிப்சன் இஎஸ்-295-ஐ ஒரு முழு ஸ்வரம் சுருதி இறக்கி மாட்டினார். சம்னர் பயன்படுத்திய வாக்ஸ் யுஎல்730 ஒரு கலப்பினம்: முன்பாதி டிரான்சிஸ்டர், பின்பாதி வால்வு. ஆகவே உங்களிடம் ஏற்கெனவே நல்ல வால்வு ஆம்ப் இருந்தால் விற்க வேண்டாம். கெயினை இறக்கி, பேஸ் குமிழைக் குறைத்து, ஒலி உடைவதற்குச் சற்று முன்னால் நிறுத்துங்கள். புதிதாக வாங்குகிறவர் மட்டும், உரத்த சத்தத்தில் சுத்தமாக இருக்கும் வால்வு ஆம்ப் எடையும் விலையும் கூடியது என்பதை நினைவில் வைக்கவும்.

கடையில் சோதிக்கும்போது உங்கள் சொந்தக் கிட்டாரைக் கொண்டுபோங்கள். ரிவெர்பையும் கோரஸையும் முதலில் அணைத்துவிடச் சொல்லுங்கள். அவை இருந்தால் எந்த ஆம்ப்பும் அழகாகத்தான் கேட்கும். வால்யூமை நாலு, அஞ்சுக்கு ஏற்றி ஆறு கம்பிகளையும் பலமாக ஒரு முறை அடியுங்கள். ஒவ்வொரு கம்பியும் தனித்துக் கேட்கிறதா, அல்லது கூழாகிறதா? பிறகு மேல் இரண்டு கம்பிகளை மட்டும் வேகமாகக் கீழ்நோக்கி அடித்துப் பாருங்கள். காது கூசும் கட்டத்துக்குச் சற்று முன்வரை டிரெபிளை ஏற்றி, பேஸை இரண்டு அல்லது மூன்றில் வையுங்கள். தனியாகக் கேட்கும்போது இது மெலிந்து, பரிதாபமாகக்கூடத் தோன்றும். டிரம்ஸும் பேஸும் சேர்ந்தால்தான் இதன் நியாயம் புரியும். மிடில் குமிழை மட்டும் முழுக்க இறக்கிவிடாதீர்கள். அப்படிச் செய்த கிட்டார் குழுவுக்குள் போனதும் காணாமல் போகும்.

பழைய ஜேசி வாங்குவதாக இருந்தால் இரண்டு ஸ்பீக்கருக்கும் தனித்தனியே காது வைத்துக் கேளுங்கள். கோரஸைப் போட்டதும் ஒன்றில் நேரான ஒலியும் மற்றதில் அசையும் ஒலியும் வர வேண்டும். குமிழைத் திருகும்போது கரகரவென்று சத்தம் வந்தால் பயப்பட வேண்டாம், தூசிதான். எலக்ட்ரானிக் கடையில் கிடைக்கும் கான்டாக்ட் கிளீனர் போதும். பின்பக்கத் தகட்டில் எத்தனை வோல்ட் என்று கட்டாயம் பாருங்கள். ஜப்பானுக்காகச் செய்தது 100 வோல்ட், அமெரிக்காவுக்கானது 120 வோல்ட். இந்தியாவிலும் இலங்கையிலும் சுவரில் வருவது 230. நேராகச் செருகினால் கதை அங்கேயே முடிந்துவிடும். ஆம்ப்பின் வாட் அளவைத் தாங்கும் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வைத்துக்கொள்ளலாம்தான், ஆனால் அதன் விலையையும் எடையையும் பேரத்தில் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

ஃப்ளாஞ்சர்

ஒரே ஒரு பெடலுக்குத்தான் காசு இருக்கிறது என்றால் நான் ஃப்ளாஞ்சரைச் சொல்வேன். கோரஸ் என்று சொல்பவர்களே அதிகம். அவர்களோடு சண்டை இல்லை. ஆனால் 1978 முதல் 1982 வரையிலான பதிவுகளில் கிட்டாருக்கு அந்தச் சில்லிட்ட, கண்ணாடி உரசும் தன்மையைத் தருவது பல இடங்களில் ஃப்ளாஞ்சர்தான்.

வேலை செய்யும் விதம் எளிது. வரும் ஒலியை ஒரு நகல் எடுத்து, ஒன்றிலிருந்து பத்து மில்லி நொடிவரை தாமதித்து, மூல ஒலியோடு மறுபடி கலக்கிறது. அப்படிக் கலக்கும்போது சில அதிர்வெண்கள் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன, சில கூடுகின்றன. வரைபடம் போட்டால் சீப்பின் பற்களைப் போல வரிசையாகப் பள்ளங்கள் தெரியும். தாமத நேரத்தை மெல்ல மாற்றிக்கொண்டே இருந்தால் அந்தச் சீப்பு மேலும் கீழும் நகரும். விமானம் தலைக்கு மேல் போகிற சத்தம் வரும். வெளிவந்த ஒலியில் கொஞ்சத்தைத் திருப்பி உள்ளே அனுப்புவதுதான் ரெசனன்ஸ் அல்லது ரீஜென் என்ற குமிழ். அதை ஏற்ற ஏற்ற உலோகத்தன்மை கூடும். அக்காலத்துப் பெடல்களில் இந்தத் தாமதத்தைத் தந்தது பக்கெட் பிரிகேட் என்ற சில்லு. மின்னழுத்தத்தை ஒரு படியிலிருந்து அடுத்த படிக்குக் கைமாற்றிக் கைமாற்றிக் கடத்தும் அமைப்பு அது. கைமாற்றத்தில் கொஞ்சம் அழுக்கும் இரைச்சலும் சேரும். அந்த அழுக்கும் ஒலியின் பகுதிதான்.

மூன்று பெடல்களைப் பற்றித் தெரிந்திருந்தால் போதும். எலக்ட்ரோ-ஹார்மோனிக்ஸ் நிறுவனத்தின் எலக்ட்ரிக் மிஸ்ட்ரஸ் 1976-இல் வந்தது. தி போலீஸ் குழுவின் ஆண்டி சம்மர்ஸின் பளபளப்பு இதிலிருந்து வந்ததுதான். மெல்லியது, வெளிச்சமானது, சுழற்சி ஆர்ப்பாட்டமில்லாதது. இதில் ஃபில்டர் மேட்ரிக்ஸ் என்று ஒரு சுவிட்ச் உண்டு. அதைப் போட்டால் அசைவு நின்றுவிடும். சீப்பு நீங்கள் வைத்த இடத்தில் உறைந்து நிற்கும். ஏறி இறங்கும் சத்தம் எதுவுமில்லாமல் கிட்டார் மட்டும் ஒரு குழாய்க்குள்ளிருந்து, மணியோசை கலந்து வரும். கடையில் சோதிப்பவர்களில் பெரும்பாலோர் இந்தச் சுவிட்சைத் தொடுவதே இல்லை. எனக்கு இந்தப் பெடலே அதற்காகத்தான்.

இரண்டாவது எம்எக்ஸ்ஆர் ஃப்ளாஞ்சர், எம்-117. சூசி அண்ட் தி பான்ஷீஸ் குழுவில் ஜான் மக்கியோக் பயன்படுத்தியது. 1981-இல் வந்த 'ஜுஜு' தொகுப்பு அவருடைய கைவண்ணத்தின் உச்சம். யமஹா எஸ்ஜி-1000 கிட்டார் வைத்திருந்த அவர், ஃப்ளாஞ்சரைத் தரையில் வைக்காமல் மைக் ஸ்டாண்டில் பொருத்திக்கொண்டு, வாசிக்கும்போதே கையால் குமிழைத் திருகுவார். நீங்களும் செய்து பாருங்கள். காலால் மிதித்துவிட்டு மறந்துபோகும் பொருளல்ல இது, வாசிக்க வேண்டிய இன்னொரு கருவி. இதன் மறுபதிப்பு 18 வோல்ட் அடாப்டரில் ஓடுவது. மற்ற பெடல்களின் 9 வோல்ட் இணைப்பில் சேர்த்துவிடாதீர்கள். அதைவிட முக்கியம், அதன் 18 வோல்ட் அடாப்டரை வேறு பெடலில் செருகிவிடாதீர்கள்.

மூன்றாவது, 1980-இல் வந்த பாஸ் பிஎஃப்-2. தி கியூர் குழுவின் ராபர்ட் ஸ்மித் பெயரோடு ஒட்டிப்போனது. ஊதா நிறப் பெட்டி, உறுதியானது, செகண்ட் ஹேண்டில் தேடினால் கிடைப்பது. அவருடைய ஃபெண்டர் ஜாஸ்மாஸ்டரில், வூல்வொர்த்ஸ் கடையில் விற்ற மலிவுக் கிட்டார் ஒன்றிலிருந்து கழற்றிய பிக்கப்பும் பொருத்தப்பட்டிருந்தது என்பதை இங்கே சொல்லி வைக்கிறேன், விலையைப் பார்த்து ஒலியை எடைபோடுகிறவர்களுக்காக.

மலிவாக வேண்டுமென்றால் மூயர் நிறுவனத்தின் சின்னஞ்சிறு எலெக்லேடி, எலக்ட்ரிக் மிஸ்ட்ரஸை நகலெடுத்தது. ஃபில்டர் சுவிட்சும் அதில் உண்டு. முதல் ஃப்ளாஞ்சராக இதை வாங்குவதில் எந்தத் தப்பும் இல்லை.

தொடங்குவதற்கு ஓர் அமைப்பு: வேகத்தைக் கிட்டத்தட்ட அடிவரை இறக்குங்கள். ஆழம் பாதி. ரெசனன்ஸ் பாதிக்குச் சற்று மேலே. மேல் மூன்று கம்பிகளில் ஒரு சிறு தொடரைத் திரும்பத் திரும்ப, ஒரே அழுத்தத்தில், கம்பியை வளைக்காமல் வாசியுங்கள். ஒரே தொடர்தான், ஆனால் ஒவ்வொரு முறையும் நிறம் மாறிக்கொண்டிருக்கும். விமானச் சத்தம் முன்னால் வந்து நின்றால் ஆழத்தைக் குறையுங்கள். ஃப்ளாஞ்சர் போட்டிருப்பதே கேட்பவருக்குத் தெரியாமல், அணைத்ததும் மட்டும் ஏதோ குறைந்ததாகத் தோன்றினால் சரியான இடத்துக்கு வந்துவிட்டீர்கள்.

கோரஸ்

ஜாஸ் கோரஸ் ஆம்ப் வாங்கியவர் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம். கையில் இருப்பதையே இன்னொரு முறை வாங்குவானேன்? பாஸ் நிறுவனத்தின் முதல் பெடலான சிஇ-1, 1976-இல் அந்த ஆம்ப்பின் கோரஸ் சுற்றை மட்டும் பிரித்தெடுத்து ஒரு பெட்டியில் போட்டதுதான். 1979-இல் வந்த சிஇ-2 அதன் சிறிய வாரிசு. இரண்டே குமிழ்: வேகம், ஆழம். மற்ற ஆம்ப் வைத்திருப்பவர்களுக்கு இந்த வகையில் எது கிடைத்தாலும் சரி.

ஓர் எச்சரிக்கை மட்டும். பீட்டர் ஹுக் தன் பேஸுக்கே எலக்ட்ரோ-ஹார்மோனிக்ஸின் குளோன் தியரி கோரஸைப் போட்டார். உங்கள் பேஸ் கலைஞரும் அந்த வழியில் போகிறவர் என்றால் கிட்டாரில் கோரஸ் போடாதீர்கள். இரண்டு கருவிகளின் சுருதியும் தனித்தனியே ஆடினால் பாடுகிறவருக்குப் பிடித்துக்கொள்ள எதுவும் இருக்காது. ஒருவர் ஆடட்டும், மற்றவர் நிற்கட்டும்.

டிலே

இங்கே இரண்டு பள்ளிகள். எட்ஜ், எலக்ட்ரோ-ஹார்மோனிக்ஸின் மெமரி மேன் என்ற அனலாக் டிலேயை வைத்து, எதிரொலியைத் தாளத்தோடு பிணைத்தார். 1980-இல் வந்த யு2-வின் முதல் தொகுப்பான 'பாய்' இதில் ஊறியது. தான் வாசிப்பது பாதி, எதிரொலி வாசிப்பது பாதி. இரண்டும் பின்னிக்கொண்டு ஒரே வாசிப்பாகக் கேட்கும்.

இதற்குக் கணக்கு எளிது. 60,000-ஐப் பாட்டின் வேகத்தால் வகுத்தால் ஒரு தட்டுக்கு எத்தனை மில்லி நொடி என்று வரும். நிமிடத்துக்கு 140 தட்டு என்றால் சுமார் 429. அதில் முக்கால் பங்கு, அதாவது ஏறத்தாழ 321 மில்லி நொடியில் டிலேயை வைத்து, தட்டுக்கு இரண்டாகச் சீராக வாசித்தால் எதிரொலி இடைவெளிகளில் சரியாக வந்து விழும். அதற்கு எதிரொலி தெளிவாகவும், மூல ஒலிக்கு ஏறக்குறைய சமமான சத்தத்திலும் இருக்க வேண்டும். டேப் டெம்போ சுவிட்ச் உள்ள டிலே வாங்கினால் கணக்கே தேவையில்லை, காலால் தாளம் தட்டினால் போதும். டிரம்ஸ் வாசிப்பவர் நிலையான வேகம் பிடிக்காதவர் என்றால் இந்த வித்தையில் இறங்காதீர்கள்.

இன்னொரு பள்ளி மார்ட்டின் ஹனெட்டுடையது. அவர் கிட்டார் கலைஞர் என்ற முறையில் இங்கே வரவில்லை, ஒலிப்பதிவுத் தயாரிப்பாளராக வருகிறார். 1979-இல் ஸ்டாக்போர்ட் நகரின் ஸ்ட்ராபெரி ஸ்டுடியோவில் ஜாய் டிவிஷனின் 'அன்நோன் பிளஷர்ஸ்' பதிவானபோது, பர்ன்லி நகரைச் சேர்ந்த ஏஎம்எஸ் நிறுவனத்தின் டிஜிட்டல் டிலே அவர் கையில் இருந்தது. மிகக் குறுகிய தாமதங்களை டிரம்ஸுக்கும் மற்ற கருவிகளுக்கும் கொடுத்து, இல்லாத ஓர் அறையை அவர் கட்டினார். மேடையில் முரட்டுத்தனமாக வாசித்த இளைஞர்களுக்கு அந்தப் பதிவு அப்போது பிடிக்கவில்லை. சம்னரும் ஹுக்கும் இதைப் பலமுறை சொல்லியிருக்கிறார்கள். பெடல் வாங்குபவர் இதில் கவனிக்க வேண்டியது உண்டு: அந்தத் தொகுப்பில் நீங்கள் கேட்பதில் பெரும்பங்கு ஸ்டுடியோவின் வேலை. எந்தப் பெடலை வாங்கினாலும் அது முழுதாகக் கிடைக்காது. கிட்டத்தில் போக வேண்டுமானால் டிஜிட்டல் டிலேயை 30 முதல் 80 மில்லி நொடிக்குள் வைத்து, திரும்ப ஒலிப்பதை ஒரே முறையாகக் குறைத்துப் பாருங்கள். எதிரொலியாகக் கேட்காது, கிட்டாருக்குப் பின்னால் ஒரு வெற்றுச் சுவர் முளைத்த மாதிரி இருக்கும்.

அனலாக்கா, டிஜிட்டலா? 1981-இல் வந்த பாஸ் டிஎம்-2 அனலாக். 300 மில்லி நொடிவரை போகும், எதிரொலி ஒவ்வொரு முறையும் மங்கிக்கொண்டே போகும். 1983-இல் வந்த டிடி-2, முதல் டிஜிட்டல் டிலே பெடல். எதிரொலி மூலத்தைப் போலவே கூர்மை. தாளத்தோடு பின்ன டிஜிட்டல், பின்னணியில் கரைய அனலாக். இரண்டில் ஒன்றுதான் என்றால் டிஜிட்டல் வாங்குங்கள். இப்போதைய டிஜிட்டல் டிலேக்கள் பலவற்றில் அனலாக் போல மங்கும் தேர்வும் சேர்ந்தே வருகிறது.

ரிவெர்ப் பற்றித் தனியாகச் சொல்ல அதிகமில்லை. ஆம்ப்பில் இருப்பது போதும், அதுவும் இரண்டுக்கு மேல் வேண்டாம். ரிவெர்பை அள்ளிக் கொட்டும் பாணி பிற்பாடு வந்தது. அது வேறு அத்தியாயம்.

டிஸ்டார்ஷன் இருந்தே தீர வேண்டும் என்பவர்களுக்கு

அப்படியானால் புரோகோ ராட். 1978-இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் கலமசூ நகரில் தயாராகத் தொடங்கியது. வால்வைப் பின்பற்றும் எண்ணமே இல்லாத, கரடுமுரடான ஒலி. சுத்தமான டிரான்சிஸ்டர் ஆம்ப்பின் முன் வைத்தாலும் கெட்டுப்போகாது என்பதுதான் நமக்கு அதன் சிறப்பு. வால்வு ஆம்ப்பை லேசாகத் தள்ளுவதற்கென்று செய்த ஓவர்டிரைவ் பெடல்கள் பல, ஜேசி முன்னால் கொசு ரீங்காரம் போலாகிவிடும். ராட்டின் ஃபில்டர் குமிழ் வழக்கத்துக்கு மாறானது, வலப்பக்கம் திருகினால் டிரெபிள் குறையும். டிஸ்டார்ஷன் அளவைக் கால் பங்கில் வையுங்கள். பாட்டு முழுவதும் போட்டு வைக்காமல், ஒரே ஒரு இடத்தில் மிதித்து எடுங்கள்.

வரிசையும் மின்சாரமும்

கிட்டாரிலிருந்து தொடங்கி: டிஸ்டார்ஷன், ஃப்ளாஞ்சர், கோரஸ், டிலே, ஆம்ப். பழகிய பிறகு ஃப்ளாஞ்சரை டிஸ்டார்ஷனுக்கு முன்னால் மாற்றிப் பாருங்கள். சுழற்சி அடங்கி, உறுமலுக்குள் ஒரு நெளிவாக மட்டும் மிஞ்சும். டிலேயை டிஸ்டார்ஷனுக்கு முன் வைத்தால் எதிரொலிகள் ஒன்றன் மேல் ஒன்று நொறுங்கும். அதையும் விரும்பிச் செய்பவர்கள் உண்டு.

ஒரே அடாப்டரிலிருந்து கிளை பிரித்து எல்லாவற்றுக்கும் மின்சாரம் கொடுப்பது சிக்கனம்தான். அனலாக் பெடல்கள் மட்டும் என்றால் தொல்லை இராது; அவை ஒவ்வொன்றும் 10, 20 மில்லி ஆம்பியர்தான் இழுக்கும். டிஜிட்டல் டிலே ஒன்று சேர்ந்தால் 50-க்கு மேல் அது மட்டுமே கேட்கும், கூடவே மெல்லிய விசில் சத்தத்தையும் மற்ற பெடல்களுக்குள் அனுப்பிவிடும். சுத்தமான ஆம்ப்பில், டிரெபிள் ஏற்றிய நிலையில், அந்த விசில் நன்றாகவே கேட்கும். டிலேக்கு மட்டும் தனி அடாப்டர் கொடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

பழைய பாஸ் பெடல் வாங்குவோர் அடியில் உள்ள தகட்டைத் திருப்பிப் பார்க்கவும். 1980-களின் சிஇ-2, பிஎஃப்-2 பெடல்கள் பலவற்றில் ஏசிஏ வகை அடாப்டர் என்று அச்சிட்டிருக்கும். இப்போது விற்பது பிஎஸ்ஏ வகை. ஏசிஏ பெடலில் இன்றைய 9 வோல்ட் பிஎஸ்ஏவைச் செருகினால் சிவப்பு விளக்கு மங்கி எரியும், அல்லது எரியாது. ஒலியும் நலிந்து வரும். விற்பவர் பெடல் பழுது என்று நினைத்துப் பாதி விலைக்குத் தள்ளிவிடுவது இந்தக் காரணத்தால்தான் பல நேரம். சட்டைப் பையில் ஒரு புதிய 9 வோல்ட் பேட்டரியுடன் போங்கள். அதைப் போட்டதும் விளக்கு பளிச்சென்று எரிந்து, ஒலியும் நிமிர்ந்தால் பெடலில் கோளாறு இல்லை. வாங்கி வந்து, தகட்டில் கேட்டிருக்கும் ஏசிஏ வகை அடாப்டரைத் தேடிப் பிடியுங்கள்.